அல்ஜப்ர் நம் முன்னோர் தந்தது என்றால், கணக்கு நமக்கு ஏன் வரவில்லை?



எல்லாப் புகழும் அறியாதவற்றை மனிதனுக்குக் கற்றுத்தந்த அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய தூதர் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

சிறுசேரியில் மஃரிபுத் தொழுகைக்குப் பின் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு மக்தப் நடத்திவருகிறோம். ஓதல், துஆக்கள், ஃபிக்ஹின் அடிப்படைகள் இவையே நம் பாடங்கள். சென்ற ஆண்டு ஒரு ஜும்ஆ பயானில் முஸ்லிம் அறிஞர்களின் அறிவியல் தொண்டுகளைக் குறித்து மிகுந்த பெருமிதத்துடன் பேசினோம். ‘அல்ஜீப்ரா’ என்ற பெயர் அரபு மொழியின் ‘அல்ஜப்ர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்றோம். இன்று கணினித் துறையில் அனைவரும் உச்சரிக்கும் ‘அல்காரிதம்’ என்பது அல்குவாரிஸ்மியின் பெயரே என்றோம். கேட்டோர் முகங்களில் மகிழ்ச்சி தெரிந்தது. நமக்கும் நிறைவாகவே இருந்தது.

சில நாட்கள் கழித்து, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மாணவர் ஒருவர் பாடம் முடிந்த பின்னும் எழாமல் அமர்ந்திருந்தார். பையிலிருந்து கணிதப் பாடநூலை எடுத்து, ‘பல்லுறுப்புக் கோவையின் பூச்சியங்கள்’ என்ற பகுதியை நம் முன் விரித்தார்.

“ஹஜ்ரத், இது நம்ம ஆளுங்க கண்டுபிடிச்ச கணக்குன்னு சொன்னீங்க. எக்ஸுக்கு ஒன்னைப் போட்டா பூச்சியம் வருது. உடனே ‘எக்ஸ் கழித்தல் ஒன்று’ ஒரு காரணின்னு எழுதச் சொல்றாங்க. ஏன் ஹஜ்ரத்?”

நாம் அந்தப் பக்கத்தைப் பார்த்தோம். எண்கள் தெரிந்தன; காரணம் தெரியவில்லை. பத்தாம் வகுப்பு வரை கணக்குப் படித்தவர்தாம் நாம். பின்னர் இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்று இருபதாண்டுகள் ஓதிக்கொடுத்தவர்கள். ஆயினும் ஒரு சிறுவரின் ‘ஏன்’ என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. “தம்பி, எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன்” என்றோம். அவர் நூலை மூடிக்கொண்டே, “பரவாயில்லை ஹஜ்ரத். பதினொன்றாம் வகுப்பில் கணக்கு இல்லாத பிரிவைத்தான் எடுக்கப்போறேன்” என்றார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. மிம்பரில் நின்று நாம் உரிமை கொண்டாடிய சொத்தை, அதே வாரத்தில் ஒரு பிள்ளை வேண்டாமென்று விட்டுச்செல்கிறார். அந்தச் சொத்து என்னவென்று அவருக்குக் காட்ட நம்மாலும் இயலவில்லை. இக்கட்டுரையின் கருத்து அந்த இரவில் பிறந்ததே: முன்னோரின் கணக்கைப் பற்றிப் பேசுவது நம்மை அவர்களின் வாரிசுகள் ஆக்காது, அந்தக் கணக்கைப் போடுவதும், அதன் காரணத்தைக் கேட்பதும்தான் ஆக்கும்.

நாம் கற்றது

நம் மஹல்லாவில் பள்ளியொன்றில் கணிதம் கற்பிக்கும் சகோதரி ஒருவர் இருக்கிறார். நம் மனைவி அவரைத் தம் தாயாருடன் வீட்டுக்கு அழைத்தார். நாமும் நம் மகளும் நோட்டுப் புத்தகத்துடன் அமர்ந்தோம். ஒரு மணி நேரத்தில் அவர் தெளிவாக்கியதை, பெற்றோர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம். பாடநூலில் எக்ஸ் என்ற எழுத்து நிற்கும் இடத்தில், ‘மாறி’ என்பதன் முதலெழுத்தாகிய ‘ம’வை வைத்துக்கொள்வோம்.

ம³ − 2ம² − 5ம + 6 என்பது ஒரு பல்லுறுப்புக் கோவை. ‘ம’ என்ற இடத்தில் எந்த எண்ணையும் வைக்கலாம். வைக்கும் எண்ணுக்கேற்பக் கோவையின் மதிப்பு மாறும். எந்த எண்ணை வைத்தால் மொத்த மதிப்பு பூச்சியமாகிறதோ, அந்த எண்ணே அக்கோவையின் பூச்சியம். ஒன்றை வைத்துப் பார்ப்போம்: 1 − 2 − 5 + 6 = 0. எனவே 1 ஒரு பூச்சியம்.

இனி அந்த மாணவரின் ‘ஏன்’. பதினேழு ரொட்டிகளை ஐந்து பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்று; மீதி இரண்டு. அதாவது 17 = 5 × 3 + 2. கோவைகளை வகுப்பதும் இவ்வாறே. நம் கோவையை (ம − 1) என்பதால் வகுத்தால்,

கோவை = (ம − 1) × ஈவு + மீதி

என்று அமையும். இதில் மீதி ஒரு வெறும் எண்ணாகவே இருக்கும். இப்போது ‘ம’வின் இடத்தில் 1ஐ வையுங்கள். (ம − 1) என்பது பூச்சியமாகிவிடும். அதனுடன் பெருக்கப்படும் ஈவு எதுவாக இருந்தாலும் பெருக்கற்பலன் பூச்சியம்தான். எஞ்சுவது மீதி மட்டுமே. ஆகவே, 1ஐ வைத்தபோது கோவைக்குக் கிடைக்கும் மதிப்பும் வகுத்தலில் வரும் மீதியும் ஒன்றே. பாடநூல் இதனை ‘மீதித் தேற்றம்’ என்கிறது. அந்த மீதி பூச்சியமானால் வகுத்தல் மிச்சமின்றி முடிகிறது; (ம − 1) ஒரு காரணியாகிறது. இது ‘காரணித் தேற்றம்’. அவ்வளவே! சிறுவர் கேட்ட கேள்விக்கு விடை நான்கு வரிகளில் இருந்தது. நம்மிடந்தான் இல்லை.

அடுத்து வகுத்தல். கெழுக்களை மட்டும் வரிசையாக எழுதுகிறோம்: 1, −2, −5, 6. முதல் எண்ணைக் கீழே இறக்கி, அதைப் பூச்சியமாகிய 1ஆல் பெருக்கி அடுத்த எண்ணுடன் கூட்டுகிறோம், அவ்வாறே தொடர்கிறோம். கிடைப்பவை 1, −1, −6, இறுதியில் 0. அந்த 0 மீதி. மற்ற மூன்றும் ஈவின் கெழுக்கள்: ம² − ம − 6. இதனை (ம − 3)(ம + 2) என்று பிரிக்கலாம். எனவே நம் கோவையின் பூச்சியங்கள் மூன்று: 1, 3, −2.

“முதலில் ஒன்றைத்தான் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எப்படித் தெரியும்?” என்று நம் மகள் கேட்டார். சகோதரி புன்னகையுடன் கோவையைச் சற்று மாற்றி எழுதினார். ஒரு முழு எண் பூச்சியமாக இருந்தால், ம × (ம² − 2ம − 5) = −6 என்றாக வேண்டும். இரு முழு எண்களைப் பெருக்க −6 வருகிறதென்றால், அந்த எண் 6ஐ மிச்சமின்றி வகுக்கும் எண்ணாகவே இருக்க முடியும். ஆகவே 1, 2, 3, 6, இவற்றின் குறை எண்கள் ஆகிய எட்டை மட்டும் சோதித்தால் போதும். கண்ணை மூடிக்கொண்டு எண்களை அள்ளிப் போட வேண்டியதில்லை. எங்கே தேட வேண்டும் என்று கோவையின் கடைசி எண்ணே வழிகாட்டுகிறது.

முன்னோர் செய்தது

இவ்வளவும் புரிந்த பிறகே, பயானில் நாம் பெயர் சொல்லிச் சென்ற அறிஞர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்று பார்க்கத் துணிந்தோம்.

முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மி பக்தாதில் கலீஃபா மஃமூனின் ஆட்சிக் காலத்தில் (813–833) தம் ‘அல்ஜப்ர் வல்முகாபலா’ நூலை எழுதினார். ஜப்ர் என்றால் முறிந்ததைச் சேர்த்துச் சீராக்குதல். எலும்பு முறிவைக் கட்டுவதற்கும் அரபியில் இச்சொல் உண்டு. சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் கழிக்கப்பட்டிருப்பதை மறுபக்கம் சேர்த்துக் குறையை நீக்குவதே கணக்கில் ஜப்ர். தெரியாத எண்ணை அவர் ‘ஷைஃ’, அதாவது ‘பொருள்’ என்றும், ‘ஜித்ர்’, அதாவது ‘வேர்’ என்றும் அழைத்தார். தமிழ்ப் பாடநூல்களில் சமன்பாட்டின் விடையை இன்றும் ‘மூலம்’ என்கிறோம். பொருள் அதே வேர்தான்.

அவருடைய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இது: ஓர் எண்ணின் வர்க்கத்துடன் அதன் பத்து மடங்கைச் சேர்த்தால் 39. அந்த எண் எது? குறியீடுகள் ஏதுமின்றி, சொற்களாலும் சதுரப் படத்தாலும் விளக்குகிறார். பத்தில் பாதி ஐந்து. ஐந்தின் வர்க்கம் 25. அதனை 39உடன் கூட்டினால் 64. அதன் வர்க்கமூலம் 8. அதிலிருந்து ஐந்தைக் கழித்தால் 3. விடை 3.

நம் பாடநூலின் மொழியில், ம² + 10ம − 39 என்பதன் காரணிகள் (ம − 3), (ம + 13). பூச்சியங்கள் 3, −13. அல்குவாரிஸ்மி இரண்டாவதை விடையாகக் கொள்ளவில்லை. நிலத்தின் பக்க அளவு குறை எண்ணாக இருக்க இயலாதல்லவா? ஆனால் அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முன்னரே, 628இல், இந்நாட்டின் பிரம்மகுப்தர் குறை எண்களைக் கடனாகவும் நிறை எண்களைச் செல்வமாகவும் கொண்டு அவற்றைக் கூட்டவும் பெருக்கவும் விதிகள் தந்திருந்தார். பூச்சியத்தை எண்ணாகக் கொண்டு கணக்கிட்டவரும் அவரே. அல்குவாரிஸ்மியும் இந்திய எண்முறையைக் கற்று அதனை விளக்கித் தனி நூலே எழுதினார். ஆகவே ‘எல்லாம் நாங்கள் கண்டதே’ என்று நாம் சொன்னால், அந்த அறிஞரே அதனை ஏற்கமாட்டார். எங்கிருந்தாலும் அறிவைத் தேடிப் பெற்றதும், பெற்றதை ஒழுங்குபடுத்தி வளர்த்ததுமே அவர்களின் சிறப்பு.

அவருக்குப் பின் வந்தோரும் அங்கேயே நின்றுவிடவில்லை. கரஜீ அவர்கள் உயர்படிகளைக் கையாளும் விதிகளை வகுத்தார். 12ஆம் நூற்றாண்டில் யூத சமயத்தில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய ஸமவ்அல் அல்மக்ரிபி, பத்தொன்பது வயதில் எழுதிய ‘அல்பாஹிர்’ நூலில், கெழுக்களை மட்டும் அட்டவணையில் இட்டுக் கோவையைக் கோவையால் வகுத்துக் காட்டினார். விடுபட்ட படியின் இடத்தில் பூச்சியத்தை வைத்தார். இன்று ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் “விடுபட்ட படிக்கு 0 போட மறக்காதே” என்று எச்சரிக்கும்போது, அந்த இளைஞரின் அட்டவணையே கரும்பலகையில் எழுகிறது.

முப்படிச் சமன்பாடுகளை எடுத்துக்கொண்டார் உமர் கய்யாம் (1048–1131). கவிஞராகவே நம்மில் பலர் அவரை அறிவோம். அவர் முப்படிச் சமன்பாடுகளை வகைப்படுத்தி, இரு வளைவுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் விடையைக் கண்டார். எண்களைக் கொண்டு நேரடியாக விடை காணும் வழி தமக்குக் கிட்டவில்லை என்பதை மறைக்காமல் எழுதி, பின்வருவோர் அதனைக் காணக்கூடும் என்றார். அவ்வழி 1545இல் இத்தாலியின் கார்டானோ வெளியிட்ட நூலில் வந்தது.

‘எனக்குத் தெரியவில்லை’ என்று எழுதத் துணிந்த அந்தப் பேரறிஞரை நினைக்கும்போது நமக்கு ஆறுதல் பிறந்தது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களும் தொலைதூரம் பயணித்து வந்தவர் கேட்ட பல கேள்விகளுக்கு ‘அறியேன்’ என்று கூறியதை நாம் மாணவர்களுக்குக் கதையாகச் சொல்கிறோம். அச்சொல்லை நம் நாவு எத்தனை முறை கூறியிருக்கிறது?

கணக்கும் ஹக்கும்

இவ்விடத்தில் சில பெரியவர்கள், “இவை உலகக் கல்வி, மக்தபில் இதற்கு என்ன வேலை?” என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. குர்ஆன் ஓதுவதற்குரிய நேரத்தை வேறெதற்கும் கொடுக்கச் சொல்ல நாம் வரவில்லை. ஆயினும் அல்குவாரிஸ்மி எதற்காக அந்நூலை எழுதினார் என்பதைக் கவனியுங்கள். வாரிசுரிமை, வஸிய்யத், பங்கீடு, வழக்கு, வணிகம், நில அளவை ஆகியவற்றில் மக்களுக்குத் தேவைப்படுவதைத் தருவதே தம் நோக்கம் என்று முன்னுரையில் குறிப்பிடுகிறார். நூலின் கடைசிப் பகுதியும் மிக நீண்ட பகுதியும் வஸிய்யத், வாரிசுப் பங்குகள் பற்றியதே.

அதிலுள்ள ஒரு கணக்கு: ஒரு பெண்மணி இறக்கிறார். கணவர், ஒரு மகன், மூன்று மகள்கள் இருக்கின்றனர். வாரிசல்லாத ஒருவருக்குச் சொத்தில் எட்டில் ஒன்றும் ஏழில் ஒன்றும் சேரும் அளவு வஸிய்யத் செய்திருக்கிறார். யாருக்கு எவ்வளவு?

எட்டில் ஒன்றும் ஏழில் ஒன்றும் சேர்ந்தால் ஐம்பத்தாறில் பதினைந்து பங்கு. மூன்றில் ஒன்றுக்கு மேற்படாததால் அந்த வஸிய்யத் செல்லும். எஞ்சிய நாற்பத்தொரு பங்கில் கணவருக்குக் கால்பங்கு. அதுபோக உள்ளதில் மகனுக்கு இரண்டு, மகள் ஒவ்வொருவருக்கும் ஒன்று என்ற விகிதம். மொத்தச் சொத்தை 1120 பங்குகளாக்கினால் கணக்கு முழு எண்களில் முடிகிறது: வஸிய்யத் பெறுபவருக்கு 300, கணவருக்கு 205, மகனுக்கு 246, மகள் ஒவ்வொருவருக்கும் 123. கூட்டிப் பாருங்கள், ஒரு பங்கும் கூடாது, குறையாது.

சூரா அந்நிஸாவில் அல்லாஹ் பின்னங்களாகவே பங்குகளை வகுத்துத் தந்திருக்கிறான். அப்பங்குகளை உரியவரிடம் சேர்ப்பதற்குக் கணக்கு வேண்டும். நம் வீடுகளில் மகளின் 123 பங்கு ‘நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று’ என்ற பேச்சில் கரைந்துவிடுகிறதே, அது எந்தக் கணக்கு? கணக்கறிந்த மகள் தன் ஹக்கைக் கேட்பாள். கணக்கறிந்த மகன் கொடுக்காமலிருக்க வெட்கப்படுவான். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயாவாகக் குறிப்பிடுகிறார்கள். நுணுக்கங்களில் ஆழ்ந்து செல்வதைக் கட்டாயமாக்காமல் மேலதிகச் சிறப்பு என்கிறார்கள். நாமோ அடிப்படையையும் கைவிட்டு, சிறப்பையும் கைவிட்டு, பெயர்ப் பட்டியலை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

நம் தெருவுக்கு அப்பால்

அந்த ஆழ்ந்த நுணுக்கங்களையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ஓரிடம் நம் சிறுசேரியிலேயே இருக்கிறது. சிப்காட் பூங்காவில் உயர்ந்த மென்பொருள் நிறுவனக் கட்டடங்களுக்கு இடையே சென்னை கணிதவியல் கழகம் அமைந்துள்ளது. 1989இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கீழ் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் 2005இல் இங்கு வந்தது. அதனை நிறுவியவர் காஞ்சிபுரத்தில் 1932இல் பிறந்த கணித மேதை சி. எஸ். சேஷாத்ரி. 2020 ஜூலையில் அவர் மறைந்தார்.

அவர் எதை ஆராய்ந்தார் தெரியுமா? பல்லுறுப்புக் கோவைகளின் பூச்சியங்களையே முதற்பொருளாகக் கொண்ட இயற்கணித வடிவியலை! ஒரு மாறி இருந்தால் பூச்சியங்கள் தனித்தனி எண்களாக நிற்கும். ம, ந என்று இரு மாறிகள் இருந்தால், ம² + ந² − 1 என்ற கோவையின் பூச்சியங்கள் சேர்ந்து ஒரு வட்டமாகின்றன. மாறிகள் பெருகப் பெருக வடிவங்களும் வியக்கத்தக்கவையாகின்றன. கய்யாம் வளைவுகளைக் கொண்டு பூச்சியத்தைத் தேடினார். இவர்கள் பூச்சியங்களின் கூட்டத்தையே வளைவாகக் கொண்டு ஆராய்ந்தனர். பல்லுறுப்புக் கோவைகள் குறித்துப் பிரெஞ்சு அறிஞர் ழான் பியர் ஸேர் 1955இல் எழுப்பிய ஆழமான கேள்வியொன்றுக்கு, இரு மாறிகள் உள்ள நிலைக்கான விடையை 1958இல் இளைஞர் சேஷாத்ரி நிறுவினார். எத்தனை மாறிகளுக்கும் பொருந்தும் விடை குயிலன், சுஸ்லின் என்ற இருவரால் 1976இல்தான் கிடைத்தது.

நம் பிள்ளைகள் பழைய மாமல்லபுரம் சாலையில் நாள்தோறும் போய்வருகின்றனர். அல்குவாரிஸ்மி தொடங்கியதன் இன்றைய எல்லை எங்கே வரையப்படுகிறது என்று கேட்டால், பக்தாதையோ பாரிஸையோ காட்ட வேண்டியதில்லை. இந்தச் சாலையையும் காட்டலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடிப்போருக்கு அங்கே ஆண்டுதோறும் நுழைவுத் தேர்வு நடக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறோம்?

“இவ்வளவு உயரமெல்லாம் நமக்கெதற்கு?” என்போருக்கு ஒரு டீக்கடையைக் காட்டுகிறோம். கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையின் ஒரு மூலை கிழிந்திருக்கும். தேநீர்க் கறையும் படிந்திருக்கும். ஆயினும் கைப்பேசி அதனைப் படித்துவிடுகிறது. எப்படி? ரீட், சாலமன் என்ற இருவர் 1960இல் தந்த முறைப்படி அதிலுள்ள செய்தி பல்லுறுப்புக் கோவையாகக் கட்டப்பட்டிருக்கிறது. பிழை நேர்ந்த இடங்களைக் கண்டறிய, கைப்பேசி ஒரு கோவையை அமைத்து அதன் பூச்சியங்களைத் தேடுகிறது. பெரும்பாலும் இயலக்கூடிய மதிப்புகளை ஒவ்வொன்றாக வைத்து, பூச்சியம் வருகிறதா என்று பார்க்கிறது. நம் மாணவர் வீட்டுப்பாடத்தில் செய்யும் அதே வேலைதான். மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு சிதைந்தாலும் செய்தியை மீட்டுவிடலாம். முறிந்ததைச் சீராக்குவது ஜப்ர் என்றால், டீக்கடைக் கல்லாவில் தினமும் நடப்பதும் ஜப்ரே.

என்ன செய்யலாம்?

முதலாவது, பெற்றோர்களுக்கு. “கணக்கு உனக்கு வராது, விடு” என்ற சொல்லை வீட்டிலிருந்து அகற்றுங்கள். பெண் பிள்ளைகளிடம் அதனை அறவே சொல்லாதீர்கள். நமக்கு விளக்கியவரும் ஒரு சகோதரியே. மதிப்பெண் எவ்வளவு என்று கேட்கும் முன், “இது ஏன் இப்படி வருகிறது?” என்று கேளுங்கள். உங்களுக்கு விடை தெரியாவிட்டாலும் கேளுங்கள். பிள்ளை உங்களுக்கு விளக்க முயலும்போதுதான் அவருக்கே புரியத் தொடங்கும்.

இரண்டாவது, நம்மைப் போன்ற உஸ்தாத்களுக்கு. அல்குவாரிஸ்மியின் பெயரைப் பயானில் சொல்லுமுன், அவருடைய 39 கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்ப்போம். வாரிசுரிமைச் சட்டத்தைக் கற்பிக்கும்போது 1120 பங்குக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்வோம். மார்க்கமும் கணக்கும் ஒரே பலகையில் எழுதப்படுவதை அவர்கள் கண்ணால் காணட்டும்.

மூன்றாவது, ஜமாஅத்துகளுக்கு. வாரத்தில் ஒரு நாள், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே, பள்ளிவாசல் வளாகத்தில் கணிதத்திற்கென்று அரை மணி நேரம் ஒதுக்கலாம். ஒவ்வொரு மஹல்லாவிலும் பொறியாளர்களும் ஆசிரியர்களும் இருக்கின்றனர். சிறுசேரி, நாவலூர், கேளம்பாக்கம் வட்டாரத்திலோ சொல்லவே வேண்டாம். அவர்களிடம் சந்தா கேட்பது போலவே நேரத்தையும் கேட்போம்.

இதனால் எல்லாப் பிள்ளைகளும் கணித மேதைகளாகிவிடுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. பதினொன்றாம் வகுப்பில் வேறு பிரிவை விரும்பி எடுப்பதில் குற்றமும் இல்லை. ஆனால் ‘ஏன்’ என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால் ஒரு பிள்ளை கணக்கைக் கைவிடுவது வேறு. அதற்குப் பொறுப்பாளிகள் பெரியவர்களாகிய நாமே.

அந்த மாணவரின் செய்தியைச் சொல்லி முடிக்கிறோம். சகோதரியிடம் கற்றதை அடுத்த வாரமே அவருக்கு விளக்கினோம். பதினேழு ரொட்டி எடுத்துக்காட்டில் தலையசைத்தார். (ம − 1) பூச்சியமாகி ஈவையும் தன்னுடன் இல்லாமலாக்கும் இடம் வந்ததும், “அட, அவ்வளவுதானா ஹஜ்ரத்?” என்றார். பிறகு ஒரு மாதம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் ஓதல் முடிந்ததும் மீண்டும் எழாமல் அமர்ந்திருந்தார்.

“ஹஜ்ரத், பூச்சியமே இல்லாத கோவை உண்டா? ம² + 1க்கு எதைப் போட்டாலும் வரமாட்டேங்குது.”

எந்த எண்ணை வர்க்கப்படுத்தினாலும் குறை எண் வராது. அதனுடன் ஒன்றைக் கூட்டினால் பூச்சியம் எப்படி வரும்? அது வரை நாமே சொல்லிவிட்டோம். “அப்படின்னா, அதுக்கு வேற வகை எண் ஏதாவது இருக்கா?” என்று அடுத்த கேள்வி வந்தது. மேல் வகுப்புகளில் கலப்பெண்கள் என்று ஒன்று வருவதாக மட்டும் கேள்விப்பட்டிருக்கிறோம்.

இம்முறை வெட்கமின்றிச் சொன்னோம்: “எனக்குத் தெரியவில்லை தம்பி. வா, இருவரும் சேர்ந்து போய்க் கேட்போம்.”

அவர் இன்னும் பதினொன்றாம் வகுப்புக்கு வரவில்லை. எந்தப் பிரிவை எடுப்பார் என்று நாம் கேட்கவுமில்லை. அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அதிகமாக்கித் தருவானாக! அறியாததை அறியேன் என்று சொல்லும் பணிவையும், அறிந்ததைக் கொண்டு உரியவருக்கு உரியதைக் கொடுக்கும் நேர்மையையும் நமக்குத் தருவானாக! ஆமீன்.